கடலடிக் காடுகளும் அரியலூர்ச் சுண்ணாம்பும்



சூடேறும் கடல்களில் கெல்ப் காடுகளை மீட்டெடுப்பது பற்றி இந்த ஆண்டு அறக்கட்டளைச் சொற்பொழிவில் பேச வேண்டும் என்று குழுவினர் கேட்டார்கள். இதைத் தூத்துக்குடியில் பேசலாம், பரங்கிப்பேட்டையில் பேசலாம், அரியலூரில் எதற்கு என்று உங்களில் சிலருக்குத் தோன்றியிருக்கும். அரியலூருக்கும் பெரம்பலூருக்கும் கடற்கரை கிடையாது. ஆனால் இந்த இரண்டு மாவட்டங்களிலும் பல ஓடைகளில் இறங்கினால் காலடியில் கடல் கிடக்கிறது. அந்தக் கடலை வெட்டியெடுத்துச் சுட்டு விற்றுத்தான் இந்த ஊர்களில் பாதிப்பேர் பிழைக்கிறோம். ஆகவே கடலின் உடல்நலம் பற்றி முதலில் பேச வேண்டிய ஊர்களில் இதுவும் ஒன்று. ஏன் அப்படிச் சொல்கிறேன் என்பதைப் படிப்படியாக விளக்குகிறேன்.

சுமார் 11 கோடி ஆண்டுகளுக்கு முன் தொடங்கி 6 கோடி ஆண்டுகளுக்குச் சற்று முன்புவரை, ஏறியும் இறங்கியும், இந்த நிலத்தின் மேல் கடல் நின்றது. 1862இல் இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையின் ஹென்றி பிளான்ஃபோர்ட் இந்தப் பாறைகளை ஊட்டத்தூர், திருச்சிராப்பள்ளி, அரியலூர் என்று மூன்று தொகுதிகளாகப் பிரித்து எழுதினார். அடுத்த பத்தாண்டில் ஃபெர்டினாண்ட் ஸ்டோலிச்கா இங்கே கிடைத்த சிப்பி, நத்தை, அம்மோனைட், கடல் முள்ளெலி, பவளம் எல்லாவற்றையும் தொகுதி தொகுதியாக வருணித்து வெளியிட்டார். அன்றிலிருந்து இன்றுவரை கிரெட்டேசியக் காலத்தைப் படிக்கும் உலகத்து மாணவர் எவரும் ஊட்டத்தூர், காரை, அரியலூர் என்ற பெயர்களைத் தாண்டாமல் போக முடியாது. காரையின் செம்மண் பிளவுகளில் ஜிப்சம் பளபளக்கிறது. கல்லங்குறிச்சியில் சிப்பி ஓடுகள் படுகை படுகையாக அடுக்கியிருக்கின்றன. சாத்தனூரில் 18 மீட்டர் நீளத்துக்குக் கல்லாகிக் கிடக்கும் மரத்தை 1940இல் எம். எஸ். கிருஷ்ணன் அடையாளம் கண்டார். கரையிலிருந்து அடித்துவரப்பட்டு அந்தக் கடலடியில் புதைந்த மரம் அது. கல்லமேட்டில் டைனோசர் எலும்புகள். வாரணவாசியில் இதற்கென்று ஓர் அருங்காட்சியகமே இருக்கிறது. பள்ளிப் பிள்ளைகள் பலரும் பார்த்திருப்பீர்கள்.

நான் சொல்ல வந்தது அதிகம் பேசப்படாத இன்னொன்று. 1936இல் பெங்களூரின் எல். ராமராவும் வியன்னாவின் ஜூலியஸ் பியாவும் சேர்ந்து ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். அரியலூர்ப் பக்கத்து நினியூர்ப் பாறைகளில் கிடைத்த கல்லான கடற்பாசிகளைப் பற்றியது அது. உடம்பில் சுண்ணாம்பு சேர்த்துக்கொண்டு வளர்ந்த பாசிகள் அவை. டைனோசர்கள் அழிந்த காலத்தை ஒட்டி, ஆழமில்லாத வெதுவெதுப்பான கடலடியில், வெயில் எட்டும் இடத்தில் அவை தழைத்திருக்கின்றன. கல்லக்குடிப் பக்கத்துச் சுண்ணாம்புக்கல் அதைவிடப் பல கோடி ஆண்டுகள் மூத்தது. அதில் பவளமும் செம்பாசியும் கலந்தே கிடக்கின்றன. ஆக, இங்கேயும் ஒரு காலத்தில் கடலடித் தாவரப் பரப்பு இருந்தது. அதன் மிச்சத்தின் மேல்தான் நாம் உட்கார்ந்திருக்கிறோம்.

அந்தக் கடலில் இல்லாத ஒன்று கெல்ப்.

கெல்ப் என்பது குளிர்க்கடலின் பழுப்புப் பாசி. பெரிய இனமான மேக்ரோசிஸ்டிஸ் பாறையைப் பற்றிக்கொண்டு முப்பது, நாற்பது மீட்டர் உயரத்துக்கு நீர்ப்பரப்பை நோக்கி ஏறும். நல்ல பருவத்தில் ஒரே நாளில் அரை மீட்டர்கூட வளரும். இலைகளுக்கு அடியில் காற்றுப் பைகள் இருப்பதால் நிமிர்ந்து நிற்கும். அதன் நிழலில் மீன், இறால், நண்டு, நத்தை, கடல் நீர்நாய் என்று ஒரு காட்டுக்குரிய அத்தனையும் வாழ்கின்றன. அலையின் வேகத்தை அது தணிக்கிறது, கரிமத்தையும் உடம்பில் சேர்க்கிறது. ஆனால் அதற்குக் குளிர்ந்த நீர் வேண்டும். ஆழத்திலிருந்து மேலே வரும் சத்துகள் வேண்டும். நீர் 20 டிகிரியைத் தாண்டிச் சூடாகிக்கொண்டே போனால் தளர்ந்துவிடும். இதுவரை கிடைத்திருக்கும் மிகப் பழைய கெல்ப் புதைபடிவம் அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தைச் சேர்ந்தது. அதன் வயது சுமார் 3 கோடியே 20 லட்சம் ஆண்டு. பூமி குளிர்ந்து, துருவங்களில் பனி உறையத் தொடங்கிய பிறகான காலம் அது. அரியலூர்க் கடல் வற்றி அதற்குள் பல கோடி ஆண்டுகள் கடந்துவிட்டன. கெல்ப் காடு குளிர்ந்த பூமி பெற்ற பிள்ளை. பூமி மறுபடி சூடாகும்போது முதலில் வாடுபவற்றில் அதுவும் ஒன்று.

எப்படி வாடுகிறது என்பதற்கு டாஸ்மேனியாவைப் பார்க்கலாம். ஆஸ்திரேலியாவின் தென்கோடித் தீவு. கிழக்கு ஆஸ்திரேலிய நீரோட்டம் தெற்கு நோக்கி நீண்டதால் அங்கே கடல், உலகச் சராசரியைப் போல ஏறத்தாழ நான்கு மடங்கு வேகத்தில் சூடாகியது. அந்த வெந்நீரில் சத்துக் குறைவு. அதோடு நீண்ட முள் கொண்ட ஒரு கடல் முள்ளெலி இனமும் வடக்கிலிருந்து வந்து குடியேறியது. குளிர்காலத்தில் நீர் 12 டிகிரிக்குக் கீழே இறங்கினால் அதன் குஞ்சுகள் பிழைப்பதில்லை. முன்பு டாஸ்மேனியக் குளிர் அதைத் தடுத்து நிறுத்தியது, இப்போது தடுக்கவில்லை. முள்ளெலியைத் தின்று கட்டுப்படுத்தக்கூடிய பெரிய சிங்கி இறால்களை மனிதர்கள் ஏற்கெனவே அளவுக்கு மீறிப் பிடித்திருந்தார்கள். விளைவு, தீவின் கிழக்குக் கரையில் இருந்த பெருங்கெல்ப் காட்டில் சுமார் 95 விழுக்காடு போய்விட்டது. 2012இல் ஆஸ்திரேலிய அரசு அந்தக் காட்டையே அழிவின் விளிம்பில் உள்ள உயிர்ச்சூழல் என்று பட்டியலிட்டது.

வட கலிபோர்னியாவில் வேறு வழியில் அதே கதை. 2013இல் நட்சத்திர மீன்களுக்கு ஒரு கொள்ளைநோய் வந்தது. முள்ளெலிகளை வேட்டையாடும் பெரிய சூரியகாந்தி நட்சத்திர மீன் கூட்டம் கூட்டமாகச் செத்தது. 2014 முதல் 2016 வரை பசிபிக்கில் வெப்ப அலை நீடித்தது. ஊதா முள்ளெலிகள் பெருகி மிச்சமிருந்த கெல்ப்பைத் தின்று தீர்த்தன. 350 கிலோமீட்டர் கரையில் கெல்ப் பரப்பு 90 விழுக்காட்டுக்கு மேல் சுருங்கியது. பாறை மொட்டையாகி, எங்கு பார்த்தாலும் முள்ளெலி மட்டுமே மிஞ்சியது. மேற்கு ஆஸ்திரேலியாவில் 2011இன் ஒரே கோடைச் சூட்டில் சுமார் 100 கிலோமீட்டர் நீளத்துக்குக் கெல்ப் மறைந்தது. அங்கே வெப்பமண்டல மீன்கள் வந்து, தலையெடுக்கும் குருத்துகளை மேய்வதால் காடு திரும்பவே இல்லை.

இனி மீட்பு. இங்கே சிட்னி நகரத்தின் அனுபவத்தைச் சற்று நிதானமாகச் சொல்ல விரும்புகிறேன். ஏனென்றால் இந்தத் துறையில் நான் மிகவும் மதிக்கும் வேலை அது. சிட்னிக் கரையில் கெல்ப்பைப் போலவே காடாக வளரும் ஒரு பழுப்புப் பாசி இருந்தது. பெயர் ஃபிலோஸ்போரா. 1980களில் சுமார் 70 கிலோமீட்டர் கரையிலிருந்து அது சுவடின்றி மறைந்தது. நகரத்தின் கழிவுநீரைக் கரையோரத்திலேயே கொட்டிக்கொண்டிருந்ததுதான் காரணம் என்று ஆய்வாளர்கள் கருதினார்கள். 1990களின் தொடக்கத்தில் கழிவுநீரைக் குழாய் மூலம் ஆழ்கடலுக்குக் கொண்டுபோனார்கள். கரைநீர் தெளிந்தது. இருபது ஆண்டுகள் ஆகியும் பாசி தானாகத் திரும்பவில்லை. வித்து வந்து விழுவதற்கு அருகில் தாய்ச்செடியே இல்லை. 2011 முதல், நலமாக இருந்த கரைகளிலிருந்து ஆண் செடியையும் பெண் செடியையும் எடுத்துவந்து, வலையில் கட்டிப் பாறையில் பொருத்தினார்கள். சில மாதங்களில் பக்கத்துப் பாறைகளில் குட்டிச் செடிகள் முளைத்தன. நட்ட செடி செத்த பிறகும் குட்டிகளின் குட்டிகள் பரவின. இதில் வரிசையைக் கவனியுங்கள். நோயைக் கண்டுபிடித்தார்கள். நோயை நீக்கினார்கள். பிறகு நட்டார்கள். பெரம்பலூரில் சின்ன வெங்காயம் போடுகிற யாரிடமும் இதை நீட்டி விளக்க வேண்டியதில்லை. திருகல் நோய் கண்ட வயலில் மண்ணைச் சரிசெய்யாமல் புது விதை போட்டால் என்ன ஆகும் என்று அவர்களுக்குத் தெரியும்.

ஆனால் டாஸ்மேனியாவில் நோயே வெப்பம்தான். அந்த அரசால் கடலைக் குளிர்விக்க முடியாது. ஆகவே அங்கே வேறு வழி தேடுகிறார்கள். அழிவிலிருந்து தப்பிய 5 விழுக்காட்டில் வெப்பத்தைத் தாங்கும் தன்மை உள்ள தாய்களைத் தேர்ந்து, அவற்றின் வித்துகளை ஆய்வகத்தில் வளர்த்து, கடலில் நட்டுப் பார்க்கிறார்கள். முள்ளெலிகளைப் பிடித்து விற்பதற்கு மானியம் தருகிறார்கள். சிங்கி இறால் பெருக வழி செய்கிறார்கள். நார்வேயில் சிறு கற்களின் மேல் கெல்ப் நாற்றை வளர்த்துப் படகிலிருந்து தூவுகிறார்கள். முக்குளிப்பவர் தேவையில்லை, செலவு குறைவு. தென்கொரியாவில் மே 10ஆம் நாளைக் கடலில் நடும் நாளாகச் சட்டப்படி அறிவித்து, பல ஆண்டுகளாகக் கரையெங்கும் நடுகிறார்கள். எல்லாம் பாராட்டத் தக்க உழைப்பு. ஆனால் வெப்பம் ஏறிக்கொண்டே இருக்குமானால் இந்த உழைப்பு வாங்கித் தருவது கால அவகாசம் மட்டும்தான். அந்த அவகாசத்துக்குள் வெப்பத்தின் ஊற்றைக் குறைத்தால் நட்டது நிலைக்கும்.

நம் பக்கம் வருவோம். நம் கடலில் கெல்ப் இல்லை. நமக்கு இருப்பவை மூன்று: கழிமுகங்களில் சுரபுன்னைக் காடு, பாக் விரிகுடாவில் கடல்புல் வெளி, மன்னார் வளைகுடாவில் பவளத்திட்டும் அதன் மேல் வளரும் கட்டக்கோரை, மரிக்கொழுந்து, கஞ்சிப்பாசி முதலான பாசிகளும். கெல்ப் செய்கிற வேலையை நம் கடலில் இவை பங்கிட்டுச் செய்கின்றன.

இவற்றில் முதலாவது உங்கள் வீட்டு வாசலில் இருக்கிறது. அரியலூர் மாவட்டத்தின் தெற்கெல்லையில் கொள்ளிடம் ஓடுகிறது, வடக்கெல்லையில் வெள்ளாறு. பச்சைமலையில் பிறக்கும் மருதையாறு கொள்ளிடத்தில் சேர்கிறது. வெள்ளாறு பரங்கிப்பேட்டையில் கடலைத் தொடுகிறது. கொள்ளிடம் அதற்குத் தெற்கே. இந்த இரண்டு முகத்துவாரங்களுக்கும் நடுவில்தான் பிச்சாவரம். நீங்கள் சுற்றுலா போய்ப் படகு ஏறிய அந்தக் காடு உங்கள் இரண்டு ஆறுகளும் கொடுத்த வண்டலில் நிற்கிறது.

அந்தக் காடும் ஒரு காலத்தில் பாதி செத்துக் கிடந்தது. ஆங்கிலேயர் காலத்திலிருந்து 1970கள் வரை அதைக் கூறு கூறாகப் பிரித்து, ஒவ்வொரு கூறாக மொட்டையாக வெட்டினார்கள். வெட்டிய இடத்தில் தானாகவே மறுபடி முளைக்கும் என்று எண்ணினார்கள். முளைக்கவில்லை. காரணம் தெரியாமல் பல ஆண்டுகள் பழியை ஆடுமாட்டின் மேலும், விறகு பொறுக்கும் கிராமத்தார் மேலும் போட்டார்கள். எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தைச் சேர்ந்தவர்கள் 1990களில் அங்கே போய் மண்ணின் மட்டத்தை அளந்து பார்த்தபோதுதான் உண்மை தெரிந்தது. மரத்தை மொட்டையாக வெட்டியதும் சேற்றில் நேரடி வெயில் விழுந்தது. ஈரம் வற்றி மண் அமுங்கியது. நடுவில் தாம்பாளம் போலக் குழிந்தது. ஓதத்தில் உள்ளே வந்த உப்புநீர் திரும்பிப் போக வழியின்றி அங்கேயே தேங்கி ஆவியானது. உப்பு ஏறிக்கொண்டே போய், உப்பைத் தாங்கப் பிறந்த வெண்கண்டலால்கூடத் தாங்க முடியாத அளவை எட்டியது. அந்த இடத்தில் எத்தனை ஆயிரம் கன்று நட்டிருந்தாலும் செத்திருக்கும்.

அவர்கள் முதலில் வாய்க்கால் வெட்டினார்கள். நடுவில் ஒரு பெரிய வாய்க்கால், அதிலிருந்து இருபுறமும் சாய்வாகக் கிளை வாய்க்கால்கள். மேலிருந்து பார்த்தால் மீன்முள்ளைப் போலத் தெரியும். அதன் வழியே ஓதநீர் வந்துபோகத் தொடங்கியது, உப்பு கழுவப்பட்டது. அதன் பிறகே வாய்க்கால் கரையில் கன்று நட்டார்கள். வனத்துறையும் சுற்றியிருந்த கிராமங்களும் கூட நின்றன. வாய்க்காலைத் தூர் வாரும் பொறுப்பும் கிராமத்தாரிடம் இருந்தது. நடுவது ஒரு பருவத்து வேலை, வாய்க்காலைத் தூர்ந்துபோகாமல் காப்பது பல ஆண்டு வேலை என்பதை அவர்கள் தொடக்கத்திலேயே உணர்ந்திருந்தார்கள். 1986க்கும் 2002க்கும் இடையில் பிச்சாவரத்தின் காட்டுப் பரப்பு ஏறத்தாழ 90 விழுக்காடு கூடியதாகச் செயற்கைக்கோள் படங்களை வைத்து வி. செல்வம் குழுவினர் 2003இல் எழுதினார்கள். அடுத்த ஆண்டு டிசம்பரில் ஆழிப்பேரலை வந்தபோது, அந்தக் காட்டின் மறைவில் இருந்த ஊர்களில் சேதம் குறைவு என்பதை உலகமே படித்தது.

நோயை நீக்கிவிட்டுப் பிறகு நடு என்று சிட்னி காட்டிய பாடத்தை நம் ஆற்று முகத்துவாரத்தில் நம் ஆட்கள் முப்பது ஆண்டுகளுக்கு முன்பே செய்து காட்டினார்கள். இதை நாம் போதிய அளவுக்குச் சொல்லிக்கொள்வதில்லை என்பது என் மனத்தாங்கல்.

அடுத்து மன்னார் வளைகுடா. இங்கே நான் சொல்லப்போவது அரியலூரோடு நேரடியாக ஒட்டியது.

தூத்துக்குடிக்கும் ராமேசுவரத்துக்கும் நடுவில் 21 தீவுகள். 1986இல் கடல்சார் தேசியப் பூங்கா ஆனது. அவற்றைச் சுற்றிய பவளத்தைப் பல பத்தாண்டுகளாக வெட்டி எடுத்தார்கள். சுண்ணாம்புச் சூளைக்குப் போயிற்று. தொழிற்சாலைக்கு மூலப்பொருளாகப் போயிற்று. வீட்டுக்கு அடித்தளமாகவும் போயிற்று. அரியலூரில் செத்துக் கல்லான கடலை வெட்டுகிறோம். அங்கே உயிருள்ள கடலையே வெட்டினார்கள். அலையைத் தடுக்கும் திட்டு போனதும் தீவுகள் கரையத் தொடங்கின. பூவரசன்பட்டி, விலங்குசல்லி என்ற இரண்டு தீவுகள் நீரில் மூழ்கின. தூத்துக்குடிக்கு அருகிலுள்ள வான் தீவு 1986இல் 16 ஹெக்டேர் இருந்தது, 2014 வாக்கில் 2 ஹெக்டேராகச் சுருங்கியது.

2001இல் பவளங்கள் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணைக்குள் வந்தன. ஆழிப்பேரலைக்குப் பிறகு மக்களே திட்டின் அருமையை உணர்ந்தார்கள். 2005 வாக்கில் வெட்டுவது நின்றது. தூத்துக்குடியின் சுகந்தி தேவதாசன் கடல் ஆய்வு நிறுவனத்தினர் ஆண்டுதோறும் நீருக்குள் இறங்கி அளந்து வந்திருக்கிறார்கள். அவர்கள் கணக்குப்படி உயிருள்ள பவளப் பரப்பு 2005இல் 37 விழுக்காடு. 2009இல் ஏறக்குறைய 43. நான்கே ஆண்டில், கையை எடுத்துக்கொண்டதற்கே கடல் இவ்வளவு திருப்பித் தந்தது. இந்த எண்ணைப் படித்தபோது எனக்கு உண்டான மகிழ்ச்சியை மறக்க முடியாது.

ஆனால் 2010 கோடையில் நீர் சூடானது. பவளங்கள் வெளுத்தன. தன் உடம்புக்குள் வாழ்ந்து உணவு சமைத்துத் தரும் நுண்பாசியை வெப்பத்தில் பவளம் வெளியேற்றிவிடுகிறது. சூடு சீக்கிரம் தணிந்தால் பாசி திரும்பும், தணியாவிட்டால் பவளம் பட்டினியில் சாகும். 43இலிருந்து பத்து விழுக்காடு அளவுக்குக் குறைந்தது. மெல்லத் தேறி 39ஐத் தொட்ட வேளையில் 2016 வந்தது. ஒரே கோடையில் 39லிருந்து 23க்கு வீழ்ந்தது. கிளை விரிக்கும் பவளங்கள்தாம் அதிகம் செத்தன. நட்டு வளர்ப்பதற்கு எளிதென்று நாம் தேர்ந்தெடுப்பவையும் பெரும்பாலும் அவையே. இங்கே வெட்டியவர் எவரும் இல்லை, வலை போட்டவர் எவரும் இல்லை. வெப்பம் ஒன்றே.

வான் தீவைக் காப்பாற்ற ஒரு வழி செய்தார்கள். ஓட்டைகள் கொண்ட சரிவக வடிவக் கான்கிரீட் தொகுதிகளை ஆயிரக்கணக்கில் வார்த்து, தீவுக்குக் கடலை நோக்கிய பக்கமாக இறக்கினார்கள். அலையின் வேகம் தணிந்தது, மணல் சேர்ந்தது, தொகுதிகளின் மேல் பவளம் ஒட்டிக்கொண்டது, மீன் வந்தது. ஐஐடி மெட்ராஸ் பொறியாளர்களும் தூத்துக்குடி உயிரியலாளர்களும் சேர்ந்து செய்த நல்ல வேலை. பவளத்தை வெட்டிச் சுண்ணாம்பு சுட்டதால் கரைந்த தீவை, சுண்ணாம்புக்கல்லைச் சுட்டுச் செய்த சிமென்டால் நிறுத்தி வைத்திருக்கிறோம்.

பாக் விரிகுடாவில் 2022 செப்டம்பரில் ஆவுளியா எனப்படும் கடற்பசுவுக்காக 448 சதுர கிலோமீட்டர் பாதுகாப்பகம் அறிவிக்கப்பட்டது. தஞ்சை, புதுக்கோட்டைக் கரை. கடற்பசு மேயும் கடல்புல்லை மூங்கில் சட்டத்தில் தேங்காய் நார்க்கயிறு கட்டி நட்டு மீட்கும் முயற்சி அங்கே நடக்கிறது. மட்கும் பொருளால் மட்டுமே செய்த அந்தச் சட்டம் எனக்கு மிகப் பிடித்தது. பாம்பன் பக்கத்தில் விரல்களில் துணி சுற்றிக்கொண்டு முக்குளித்துப் பாசி எடுக்கும் பெண்களையும் குறிப்பிட வேண்டும். மாதத்தில் இத்தனை நாள்தான் எடுப்பது, மீன்பிடித் தடைக்காலத்தில் எடுப்பதில்லை, வேரோடு பிடுங்குவதில்லை என்று தங்களுக்குள் கட்டுப்பாடு வைத்துக்கொண்டவர்கள் அவர்கள். அவர்களில் ஒருவரான சின்னப்பாலம் லட்சுமி மூர்த்தி 2015இல் சீகாலஜி என்ற பன்னாட்டு விருதைப் பெற்றார். கடற்பாசி வளர்ப்புக்கு இப்போது அரசு பெரும் பணம் ஒதுக்குகிறது. ராமநாதபுரம் வலமாவூரில் பூங்கா வருகிறது. வருமானத்துக்கு நல்லது. ஆனால் பயிரைக் காடு என்று கணக்கில் எழுதக் கூடாது. வளர்ப்புக்கென்று கொண்டுவந்த அயல்பாசியான கப்பாஃபைகஸ், குருசடைத் தீவில் பவளத்தின் மேல் படர்ந்து மூடியதை மதுரைக் காமராசர் பல்கலைக்கழகத்தார் 2008இலேயே எழுதிவிட்டார்கள்.

இனி நம் சூளைக்கு வருகிறேன்.

சுண்ணாம்புக்கல்லை 900 டிகிரி வாக்கில் சூடேற்றினால் அது சுண்ணாம்பாகவும் கரியமில வாயுவாகவும் பிரியும். ஒரு டன் தூய சுண்ணாம்புக்கல்லில் 440 கிலோ கரியமில வாயு அடைபட்டிருக்கிறது. எரிபொருளின் புகை இதற்கு மேல் தனி. சிமென்டால் வரும் கரிமத்தில் ஏறத்தாழ 60 விழுக்காடு இப்படிக் கல்லுக்குள்ளிருந்தே வருகிறது. ஆகவே நிலக்கரியை விட்டுச் சூரிய மின்சாரத்துக்கு மாறினாலும் அந்தப் பங்கு குறையாது. உலகம் வெளியேற்றும் கரியமில வாயுவில் 7 முதல் 8 விழுக்காடு சிமென்டிலிருந்து வருகிறது. சிமென்ட் உற்பத்தியில் இந்தியா உலகில் இரண்டாம் இடம். கல்லக்குடி ஆலை 1939இலிருந்து ஓடுகிறது. அரியலூர் அரசு ஆலை 1979இலிருந்து. பிறகு எத்தனை வந்தன என்பதை இந்த ஊரின் லாரிகளே சொல்லும்.

அந்த 440 கிலோ எங்கிருந்து வந்தது? ஏழு கோடி ஆண்டுகளுக்கு முன் கல்லங்குறிச்சிக் கடலில் வாழ்ந்த சிப்பியும் நுண்ணுயிரும் நீரில் கரைந்திருந்த கரிமத்தை எடுத்துத் தம் ஓட்டில் பூட்டி வைத்தன. செத்து விழுந்து, அழுந்தி, கல்லாயின. நாம் அதை ஒரு மணி நேரத்துக்குள் திறந்து வானில் விடுகிறோம். வெளியிடும் கரியமில வாயுவில் கால் பங்கைக் கடல் உறிஞ்சுகிறது. அதனால் நீரின் அமிலத்தன்மை கூடி, இன்றைய சிப்பிக்கும் பவளத்துக்கும் ஓடு கட்டுவது கடினமாகிறது. காற்றில் நிற்கும் மிச்சம் வெப்பத்தைப் பிடித்து வைக்கிறது. அந்த மிகைவெப்பத்தில் 90 விழுக்காட்டுக்கு மேல் சேர்வதும் கடலுக்கே. இந்தியப் பெருங்கடல் 1950க்கும் 2020க்கும் இடையில் சுமார் 1.2 டிகிரி சூடாகியிருக்கிறது. பழைய அரியலூர்க் கடலில் உயிர்கள் கட்டிய ஓடு, சூளை வழியே போய், இன்றைய மன்னார்க் கடலின் உயிர்கள் ஓடு கட்டுவதைத் தடுக்கிறது. 2016இல் வெளுத்த பவளத்தில் நம் பங்கு எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல முடியாது. பங்கு உண்டு என்று மட்டும் தயங்காமல் சொல்லலாம்.

கிரெட்டேசியக் கடல் இன்றைவிட வெப்பமாக இருந்ததாம், துருவங்களில் பனியே இல்லையாம், அப்போதும் உயிர்கள் செழித்தனவே, பிறகென்ன கவலை என்று மாணவர்கள் கேட்பதுண்டு. நல்ல கேள்வி. அந்தக் கடலின் உயிர்கள் அந்த வெப்பத்துக்குள் வந்து சேர லட்சக்கணக்கான ஆண்டுகள் இருந்தன. காற்றில் கரியமில வாயு 280லிருந்து 420 பிபிஎம் தாண்டியது இருநூறு ஆண்டுகளுக்குள். 2010லிருந்து 2016க்கு ஆறே ஆண்டு. ஒரு பவளக் குடும்பம் எத்தனை தலைமுறை மாற முடியும் அதற்குள்? அந்தக் கடலில் திட்டு கட்டியவையும் வேறு. ரூடிஸ்ட் என்ற சிப்பிகள் பெரும் பங்கு வகித்தன. அந்தச் சிப்பிகள் கிரெட்டேசியத்தின் முடிவில் ஒன்றும் மிஞ்சாமல் அழிந்தன. வெப்பக் கடலில் ஏதோ ஓர் உயிர் இருக்கும் என்பது உண்மை. நம்மோடு இருக்கும் உயிர்கள் இருக்குமா என்பதே என் கவலை.

ஆலையை மூடச் சொல்ல நான் வரவில்லை. வீடும் பாலமும் மருத்துவமனையும் நமக்கு இன்னும் வேண்டும். ஆனால் அதே சிமென்டில், சூளையில் சுண்ணாம்புக்கல்லைச் சுட்டெடுக்கும் கிளிங்கரின் அளவைக் குறைக்க முடியும். அனல்மின் நிலையச் சாம்பல் கலந்த பிபிசி சிமென்ட் ஏற்கெனவே கடைகளில் இருக்கிறது. அதற்கும் அடுத்த படி, எல்சி3 எனப்படும் கலவை. அதில் கிளிங்கர் பாதிதான். 30 விழுக்காடு சுட்ட களிமண், 15 விழுக்காடு சுடாத சுண்ணாம்புக்கல் தூள், மிச்சம் ஜிப்சம். களிமண்ணை 800 டிகிரி வாக்கில் சுட்டால் போதும். அதிலிருந்து இப்படிக் கரிமம் வெளியேறாது. சுடாமல் சேர்க்கும் கல் தரம் குறைந்ததாக இருந்தாலும் பரவாயில்லை. இன்று சுரங்கத்தில் ஒதுக்கித் தள்ளும் கல்லுக்கு வேலை வரும். கரிம வெளியீடு சாதாரண சிமென்டைவிட 30 முதல் 40 விழுக்காடு குறையும். சுவிட்சர்லாந்து, கியூபா ஆய்வாளர்களோடு டெல்லி, மும்பை, சென்னை ஐஐடிகளும் சேர்ந்து உருவாக்கியது இது. 2023இல் இந்தியத் தர நிர்ணய அமைப்பு இதற்குத் தனித் தரமும் வெளியிட்டுவிட்டது. இந்த இரண்டு மாவட்டங்களின் களிமண் இதற்குத் தகுமா என்று சோதிப்பது இங்கேயுள்ள கல்லூரிகளின் வேதியியல், புவியியல் துறைகள் அடுத்த ஆண்டே தொடங்கக்கூடிய வேலை. ஊராட்சிக் கட்டடத்துக்கும் பள்ளிக்கூடத்துக்கும் ஒப்பந்தம் எழுதும்போது எந்தச் சிமென்ட் என்று ஒரு வரி சேர்ப்பது நம் உறுப்பினர்களின் கையில் இருக்கிறது.

இன்னொரு வேலை ஆற்றில். அணைக்கரைக் கீழணையை 1836இல் ஆர்தர் காட்டன் கட்டினார். அதற்குக் கீழே கொள்ளிடத்தில் நன்னீர் வெள்ளக் காலத்தில்தான் தாராளமாகப் போகிறது. பிச்சாவரத்துக்குத் தேவையானது நன்னீரும் வண்டலும் கலந்த நீர். ஆற்றில் மணலை வாரி எடுக்க எடுக்க வண்டல் குறையும், உப்பு மேலேறும். கீழே வெட்டிய மீன்முள் வாய்க்காலெல்லாம் மேலேயிருந்து வரும் நீரை நம்பியே இருக்கிறது. பருத்திக்கும் மக்காச்சோளத்துக்கும் நாம் போடும் உரத்தில் பயிர் எடுத்ததுபோக மிச்சம் வெள்ளாற்றில் இறங்கி அந்தக் கழிமுகத்துக்கே போகிறது. மண் பரிசோதனை செய்து அளவாகப் போட்டால் விவசாயிக்குச் செலவு மிச்சம். கழிமுகத்துக்குச் சுமை குறைவு.

கடைசியாக மாணவர்களுக்கு. பரங்கிப்பேட்டையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல்வாழ் உயிரியல் உயராய்வு மையம் இருக்கிறது. பேருந்தில் இங்கிருந்து ஒரு காலைப் பொழுதுப் பயணம். கடலோர மாவட்டப் பிள்ளைகள்தான் அங்கே சேர வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. சுண்ணாம்புக்கல்லில் எந்தப் படுகையில் எந்த உயிர், எந்த வெப்பத்தில் வாழ்ந்தது என்று படிக்கத் தெரிந்த ஒருவர், உயிருள்ள பவளத்தையும் கடல்புல்லையும் படிக்கத் தொடங்கினால் அவருக்குக் கிடைக்கும் பார்வை வேறு எவருக்கும் கிடைக்காது. சுரங்கம் வெட்டும்போது பாறையின் நல்ல வெட்டுமுகங்கள் சிலவற்றையாவது நொறுக்காமல் விட்டுவைக்க வேண்டும் என்று ஆலைகளிடமும் மாவட்ட நிர்வாகத்திடமும் கேளுங்கள். நினியூர்ப் பாசியை 1936க்குப் பிறகு மறுபடி முழுமையாகப் படிக்க விரும்பும் ஒருவர் உங்களில் இருக்கக்கூடும். அவர் வரும்வரை அந்தப் பாறை அங்கே இருக்க வேண்டும்.